இடது குதிகாலுக்கு நேரே

என் வீட்டுக்காரர் துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலை பார்த்தார். ராதாபுரத்துப் பனங்காட்டிலிருந்து போன மனுசன், பாலைவனத்துக்குப் போய்த்தான் அவ்வளவு புல்லைக் கண்ணால் பார்த்தார். மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறவர்கள் பின்னால் நடந்தவர், பிறகு சின்னப் பிள்ளைகளுக்கு ஆடச் சொல்லிக்கொடுக்கிறவர் ஆனார். தச்சநல்லூரில் கிடக்கிற எனக்கு அதில் என்ன வந்தது? ஆனாலும் ஃபோனில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகிவிட்டது. நீளமான மட்டைக்குப் பந்து இடது குதிகாலுக்கு நேரே இருக்க வேண்டும். மட்டை குட்டையாக ஆக ஆகப் பந்து உள்ளே தள்ளி வரும். ஆகக் குட்டைக்கு இரண்டு காலுக்கும் நடுவில். மட்டை ஊஞ்சல் மாதிரி இறங்கி ஏறுமாம்; பெரியது ஏறுகிறபோது பந்தைத் தட்ட வேண்டுமாம், குட்டை இறங்கும்போதே. பெரியதுக்கு நடுவில் வைத்தால் பந்து எழும்பாதாம். பெரிய வித்தைதான் போங்கள் என்பேன்.

விடுப்பில் வந்திருந்தபோது அவருக்குத் தலையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கை கால் தேறிவிட்டது, பேச்சும் போகவில்லை. ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் மூளைக்குத் தெரியவில்லை என்றார் டாக்டர். கண்ணில் கோளாறு இல்லை. தட்டில் வலப்பக்கத்துச் சோற்றைத் தின்றுவிட்டு, “கறி வைக்கலியா?” என்பார். கறி இடப்பக்கம் ஆறிப்போய்க் கிடக்கும். தட்டைத் திருப்பி வைத்தால், “இப்பதான வைக்க?” என்று சண்டைக்கு வருவார். தனக்கு ஒன்றுமே இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. மல்லுக்கட்டி அலுத்துப்போனேன். அந்த மாதங்களில் எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. உலை வைத்தேன், துணி துவைத்தேன், மாத்திரை எடுத்துக் கொடுத்தேன்.

வேலையை அவருக்காக வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மேலாளர் வீடியோவில் கூப்பிடுவார், ஆடிக் காட்டினால் திரும்பப் போகலாம். முந்தின நாள் சாயங்காலம், பந்து தெருவுக்குப் போகாமல் தடுக்க, மொட்டைமாடிக் கொடியில் பழைய ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டோம். முதலில், அவர் வரும்போது கொண்டுவந்திருந்த குட்டை மட்டை. பந்தை நடுவில் வைத்தேன், கச்சிதமாக அடித்தார். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்து பெரிய மட்டை. பந்தை இடது குதிகாலுக்கு நேரே வைத்துவிட்டு ஒதுங்கினேன்.

அவர் குனிந்தபடியே நின்றார்.

“பந்த வையிட்டி.”

“வச்சாச்சுல்லா.”

“எங்கன? வெளையாடுதியா?”

பந்து அவர் காலடியில் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. நான் அதை நடுவுக்கு நகர்த்தினேன். “ஆங், இத மொதல்லயே செஞ்சா என்ன?” என்று சொல்லி அடித்தார். பந்து எழும்பாமல் ஜமுக்காளத்தின் அடிக்கரையில் மோதி விழுந்தது. அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் சொல்லியும் நம்பாதவர், பந்து போன போக்கைப் பொய் என்று சொல்லவில்லை.

“நடுவுலயா வச்ச?”

“ஆமா.”

“மொதல்ல எங்கன வச்ச?”

“இடது குதிகாலுக்கு நேர.”

“அது அங்கனயா இருந்துச்சு?”

“அங்கனதான் இருந்துச்சு.”

“நா பாக்கலியே,” என்றார். மட்டையைச் சுவரில் சாய்த்தார். “அங்க படிக்க வார பிள்ளைக பந்த சரியா வச்சிட்டு நிக்கும். நா வைக்கலன்னு ஏசுவேன், என்னா?”

நான் பந்தை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றேன்.

வெள்ளிக்கிழமை வரை அவர் காத்திருக்கவில்லை. அங்கேயே நின்று மேலாளரைக் கூப்பிட்டு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். தனக்கு முடியவில்லை என்று அவர் வாயால் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு வலப்பக்கம் பார்த்தார். படிக்கட்டைப் பார்த்தார்.

“ஏட்டி, கீழ போயிட்டியா?”

நான் அவருடைய இடப்பக்கம், கை தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பக்கமே நின்று பேசுங்கள், அப்போதுதான் திரும்பிப் பார்க்கப் பழகுவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்னால் முடியவில்லை. சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் நின்றேன்.