வராதவளுக்காக ஒரு செபம்

என் மகனை ‘இறந்துபோனவன்’ என்று யாராவது சொன்னால், அன்றோடு அவர்களுடன் பேச்சுவார்த்தை முடிந்தது. என் நாத்தனாரோடு அப்படித்தான் முறிந்தது. எதிர்வீட்டு அக்கா ஒருநாள், "அந்த ஆத்துமம் இளைப்பாறட்டும்ளா, நீ ஏன் இப்படிக் கெடந்து சாகுத" என்று ஆறுதலாகத்தான் சொன்னாள். "ஆத்துமம்னு நீ கண்டியா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம். பிறவிக்குணம், என்ன செய்ய.

மகன் ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்தவன். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் இஞ்சின் பார்க்கும் வேலைக்குப் போனான். காய்கறியும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு போன ஒரு பயணத்தில், காற்றில் மாட்டித் தோணி முங்கிவிட்டது. அந்த வழியாக வந்த கப்பல் மற்ற எல்லோரையும் தூக்கிவிட்டது. அவன் மட்டும் கிடைக்கவில்லை. தோணியை நடத்தின தண்டல் எங்கள் வாசலில் வந்து நின்று, "கடைசி வரைக்கும் இஞ்சின் ரூம்ல தண்ணி எறைச்சிட்டு இருந்தாம்மா" என்று அழுதார். அவரையும் நான் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. உடம்பு கிடைக்கவில்லை என்றால் ஆள் எங்கேயோ இருக்கிறான் என்றுதானே அர்த்தம். மூன்று வருஷமாக நான் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு கயிற்றைத்தான்.

அவனுடைய அப்பா ஐஸ் பேக்டரியில் வேலை பார்க்கிறார். அதிகம் பேசாத மனிதர். முதல் வருஷம் கல்லறைத் திருநாள் வந்தபோது, பயந்து பயந்து கேட்டார். "ஏளா, கல்லறைத் தோட்டத்துல அவனுக்கு ஒரு மெழுகுதிரி ஏத்திட்டு வருவமா?"

"யாருக்கு?" என்றேன்.

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நவம்பரில் அந்த ஒருநாள் எங்கள் ஊர் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள் எல்லோரும் அவரவர் வீட்டுக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி போட்டு, திரி ஏற்றிக் காத்து நிற்பார்கள். சாமியார் வரிசையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வருவார். எங்கள் சாமியாரும் வீட்டுக்கு வந்து, பூசையில் வாசிக்க மகன் பெயரைக் கொடுக்கச் சொன்னார். "உயிரோட இருக்கவன் பேரையும் வாசிப்பியளா, சாமி?" என்றேன். நல்ல மனிதர். என் தலையில் கை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தோணி முங்குவதற்கு முன்பிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கோவிலில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்து வந்தேன். ஆண்டவர் படகில் எழுந்து நின்று காற்றையும் கடலையும் அதட்டி அடக்கின பாடம் வந்தது. நடத்தப் போனேன், வாய் வரவில்லை. அந்தக் கடலை அடக்கத் தெரிந்தவருக்கு இந்தக் கடல் கண்ணில் படவில்லையா என்று மட்டும்தான் வந்தது. பிள்ளைகளிடம் அதைச் சொல்ல முடியுமா? வெளியே வந்தவள் திரும்பப் போகவில்லை. வீட்டில் சாயங்கால செபமும் நின்றது. என் வீட்டுக்காரர் மட்டும் மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு, என் காதில் விழாமல் உதட்டை அசைப்பார். அதுகூட எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த மூன்று வருஷமும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் என்னை விடாமல் இருந்தவர்கள் என்னோடு பத்தாம் வகுப்பு படித்தவர்கள்தான். அதில் இரண்டு பேர். ஒருத்திக்கு ஊர் உடன்குடி, கருப்பட்டி மண்டிக்காரர் வீட்டுப் பெண், இன்று அந்த மண்டியை நடத்துகிறவளே அவள்தான். இன்னொருத்தி காயல்பட்டினம், அந்தக் காலத்தில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தவள். தோணி முங்கின செய்தி வந்த அன்றைக்கே காயல்காரி மாலத்தீவில் இருந்த தன் தம்பிக்குப் போன் போட்டாள். அந்தத் தம்பி அங்கே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக என் மகன் போட்டோவைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறான். உடன்குடிக்காரி ஒரு சாக்கு அரிசியோடு வந்து இறங்கி, என் அடுப்படியில் ஒரு வாரம் இருந்தாள். அப்போது நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. நன்றி சொல்லிவிட்டால் காரியம் முடிந்துபோனதாக ஆகிவிடுமோ என்று பயம்.

எங்களுக்குக் கணக்கு நடத்தின சிஸ்டர் இந்த வருஷம் தவக்காலத்தில் இறந்துபோனார். அக்டோபர் கடைசியில் உடன்குடிக்காரி போன் பண்ணினாள்.

"சிஸ்டருக்குப் பிள்ளையா குட்டியா? நாமதான் கல்லறையப் பார்க்கணும். திருநாளுக்கு முந்தி சுண்ணாம்பு அடிக்கணும், வந்துரு."

"கல்லறைத் தோட்டத்துக்கு நான் வரமாட்டேன்னு ஒனக்குத் தெரியாதா?"

"ஒன் மவனுக்காக ஒன்னய யாரு கூப்பிட்டா? சிஸ்டருக்கு வெள்ளையடிக்கக் கூப்பிடுதேன். வந்தா வா, வராட்டிப் போ."

அவளும் எனக்குக் குறைந்தவள் இல்லை. ஆனால் சிஸ்டர் என்றதும் என்னால் மறுக்க முடியவில்லை.

சிஸ்டர் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது, பெயரைக் கூப்பிட்டு பதில் வரவில்லை என்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். "யாரு வரல?" என்பார். இப்போதுதானே கூப்பிட்டார், பெயர் தெரியாதா என்ன? ஆனாலும் கேட்பார். பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் எழுந்து அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு வகுப்பே எழுந்து நின்று, வராதவளுக்காக ஒரு ‘அருள் நிறைந்த மரியே’. வேதக்காரப் பிள்ளைகள் அதைச் சொல்வோம். மற்றவர்களிடம், "ஒங்க சாமிகிட்ட ஒங்களுக்குத் தெரிஞ்சபடி கேளுங்க" என்பார். காயல்காரி இரண்டு கையையும் ஏந்தி அவளுடையதை ஓதுவாள். உடன்குடிக்காரி முத்தாரம்மனைக் கும்பிடுவாள், இரண்டே வாரத்தில் எங்கள் செபமும் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வராதவளுடைய இடத்தில் அன்றைக்கு யாரும் நகர்ந்து உட்காரக் கூடாது. எவ்வளவு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தாலும் அந்த இடம் காலியாகத்தான் கிடக்க வேண்டும்.

ஒரு தடவை உடன்குடிக்காரி பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு மேட்னி ஷோவுக்குப் போய்விட்டாள். மறுநாள் சிஸ்டர் சிரிக்காமல் சொன்னார்: "நீ படம் பார்த்துட்டு இருக்கும்போது ஒனக்காக வகுப்பே செபம் பண்ணுச்சு. படம் நல்லா இருந்துச்சா?" எல்லோரும் சிரித்ததில் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் உயிரோடதான இருக்கேன் சிஸ்டர், எனக்கு எதுக்கு செபம்?" என்றாள்.

"செத்தவங்களுக்குச் செபிக்க கோவில் இருக்கு, பூசை இருக்கு. வராதவளுக்கு நாமதான் இருக்கோம்" என்று சொல்லிவிட்டு, சிஸ்டர் பலகையில் கணக்கை எழுதப் போய்விட்டார்.

எனக்கு மஞ்சள்காமாலை வந்து பல நாள் படுத்துக் கிடந்தேன். திரும்பப் போனபோது பெஞ்சில் என் இடம் அப்படியே காலியாக இருந்தது. அந்தப் பக்கம் உடன்குடிக்காரி, இந்தப் பக்கம் காயல்காரி. "ஒன் பேரைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு" என்றாள் உடன்குடிக்காரி. நான் ஏதோ எடுத்தெறிந்துதான் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்தது.

திருநாளுக்கு முந்தின நாள் நாங்கள் மூன்று பேரும் போய்ச் சிஸ்டர் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தோம், மறுநாள் மந்திரிப்புக்கும் வந்துவிடச் சொன்னாள் உடன்குடிக்காரி. திருநாளன்று சாயங்காலம் மழை தூறிக்கொண்டிருந்தது. கல்லறைத் தோட்டத்து வாசலில் பூக்காரர்களுக்கு நடுவில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் வருவார் என்று எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் திருடனைப் போல முழித்தார். சட்டைப் பையில் ஒரு மெழுகுதிரி நீட்டிக்கொண்டிருந்தது. பழசு, பழுத்துப்போய், நடுவில் வளைந்திருந்தது.

"இது எப்ப வாங்கினது?" என்றேன்.

"மொத வருசம்" என்றார். "வருசா வருசம் இங்க வந்து நிப்பேன்ளா. உள்ள போக மாட்டேன். நீதான் வேண்டாம்னியே."

வீட்டில் அழுகிற உரிமையை எல்லாம் நானே எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது. அவனைப் பெற்றதில் அவருக்குப் பங்கு இல்லாத மாதிரி. "வாங்க" என்று மட்டும் சொல்லி முன்னால் நடந்தேன்.

கன்னியாஸ்திரிகளின் கல்லறைகள் ஓரமாக ஒரு வரிசையில் இருக்கும். நாங்கள் அடித்த சுண்ணாம்பு மழையில் லேசாகக் கரைந்திருந்தது. எங்கள் வகுப்புக்காரிகள் பத்துப் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். சுற்றி நின்றோம். நெருக்கடியில் ஒருத்தி என் பக்கமாகத் தள்ளி வந்து நின்றாள். உடன்குடிக்காரி அவள் தோளைப் பிடித்து நகர்த்தினாள்.

"அங்கன நிக்காத. அது ஆள் இருக்க எடம்."

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டாள். சாமியார் தூரத்தில் மந்திரித்துக்கொண்டு வருவது கேட்டது. காயல்காரி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தாள். அப்போதுதான் உடன்குடிக்காரி, சிஸ்டர் கேட்கிற அதே தோரணையில் கேட்டாள்.

"யாரு வரல?"

கோபம்தான் முதலில் வந்தது. இதற்குத்தானா என்னைக் கூட்டிவந்தாய் என்று கத்தியிருப்பேன். ஆனால் அவள் கேட்டது செத்தவன் யார் என்று இல்லையே. வராதது யார் என்றுதான் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. பக்கத்தில் உட்காருகிறவள்தான் சொல்ல வேண்டும், அதுதான் சட்டம். மூன்று வருஷமாக நான் வாய்விட்டுச் சொல்லாத என் மகன் பெயரைச் சொன்னேன். முதல் தடவை சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை எல்லோருக்கும் கேட்டது.

"வராதவனுக்காக" என்றாள் உடன்குடிக்காரி.

‘அருள் நிறைந்த மரியே வாழ்க’ என்று நான்தான் ஆரம்பித்தேன். எப்படி ஆரம்பித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. காயல்காரி கையேந்தினாள். என் பாதி முடிந்ததும் பதில் பாதியை எல்லோரும் சொன்னார்கள், அதில் எனக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல். அவர் குரலை அவ்வளவு சத்தமாக நான் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. ‘எங்கள் இறப்பின் வேளையிலும்’ என்ற இடத்தில் அது உடைந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விழுந்திருப்பேன்.

கடலை ஏன் அடக்கவில்லை என்று நான் ஆண்டவரிடம் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. வருமென்றும் தோன்றவில்லை. ஆனால் வராதவர்களுக்கு இடம் விட்டு நிற்கச் சொல்லிக்கொடுத்த ஒரு கன்னியாஸ்திரியையும், அதை மறக்காத சிநேகிதிகளையும் அவர்தானே தந்தார். அதற்காக நன்றி என்று அன்றைக்குச் சொன்னேன். அந்த இரண்டு பேரிடமும் சொன்னேன். "போளா, பெரிய இவ" என்றாள் உடன்குடிக்காரி. அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

வெளியே வரும்போது வீட்டுக்காரர் அந்த வளைந்த திரியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "இத என்ன செய்ய?" என்றார்.

"வீட்டுல போய் ஏத்துவோம்" என்றேன். "மாதா படத்துக்கிட்ட. அவன் வந்தா வெளிச்சம் வேணும்ல."

அவர் திரியைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னோடு நடந்தார். அவன் வரமாட்டான் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.