தோளில் வைத்த கை

மூன்று வருடங்களுக்கு முன்பு, செப்டம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் ஆலயத்தில் நடந்தது இது. நடந்ததென்னவோ ஒரு நிமிடத்துக்குள் முடிந்துபோன விஷயம். பக்கத்து வரிசையில் இருந்தவர்களுக்குக்கூட எதுவும் புரிந்திருக்காது. எனக்குத்தான் அந்த ஒரு நிமிடம் இன்னும் முடியவில்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எதையும் சட்டுபுட்டென்று முடித்தால்தான் எனக்குச் சரிப்படும். யாராவது பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கத் தடுமாறினால், கேட்காமலே வாங்கிப் பிரித்துக் கொடுத்துவிடுவேன். பிள்ளைகளைக் கேள்வி கேட்டுவிட்டு, அவர்கள் யோசிப்பதற்குள் பதிலையும் நானே சொல்லிவிடுகிறேன் என்று எங்கள் தலைமையாசிரியை கேலி செய்வார். என் கணவர் இதற்கு நேர் எதிர். மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திர பாகங்களுக்கு வரைபடம் போடும் வேலையில் இருந்தவர். பென்சிலைச் சீவி, அளந்து, இன்னொரு முறை அளந்து, அப்புறம்தான் ஒரு கோடு இழுப்பார். அவருடைய நிதானமும் என்னுடைய அவசரமும் எப்படியோ ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திவிட்டன.

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பிரஷ் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சுவரோடு சரிந்துவிட்டார். பக்கவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஊரப்பாக்கம் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது பேச்சு ஓரளவு வந்திருந்தது. வலது கையும் வலது காலும்தான் சொன்னபடி கேட்கவில்லை. தினமும் பிசியோதெரபி செய்தால் நிறைய முன்னேற்றம் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட் பிற்பகலில் ஸ்கூட்டியில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்க ஆரம்பித்தாள். என் மகள் வயதுதான் இருக்கும்.

வந்த புதிதிலேயே எனக்கும் அவளுக்கும் ஒத்துவரவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது, காலை மாற்றி மாற்றி ஊன்றுவது என்று அவள் சொல்லிக்கொடுத்ததில் எல்லாம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் சட்டைப் பொத்தானை அவரே போட வேண்டும், சோற்றை அவரே பிசைய வேண்டும் என்றாள். ஒரு பொத்தானைப் போடுவதற்குள் அவர் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா நிற்பது? நான் போய்ப் படபடவென்று போட்டுவிட்டேன்.

"ஆன்ட்டி, தயவுசெஞ்சு கையைக் கட்டிக்குங்க" என்றாள் அவள். "அங்கிள் தானா போட்டாத்தான் அந்தக் கைக்கு வேலை ஞாபகம் வரும். நீங்க போட்டா உங்க கைக்குத்தான் எக்சர்சைஸ்."

வேலை பார்த்த காலமெல்லாம் பிள்ளைகளைக் கையைக் கட்டச் சொன்னவள் நான். என்னையே ஒருத்தி கட்டச் சொல்கிறாள் என்று அவரிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் இருக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். ஸ்கூட்டி தெருமுனை திரும்பியதும் பழையபடி என் ராஜ்ஜியம்தான். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம், குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறாய் என்று என்னைப் பாராட்டுவார்கள். எனக்கு உச்சி குளிரும். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதை நான் கவனித்தேன். ஏன் என்றுதான் யோசிக்கவில்லை.

எங்கள் ஆலயத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனையில், அந்த மாதம் திருமண நாள் வருகிறவர்களை ஆயர் முன்னால் கூப்பிடுவார். கணவனும் மனைவியுமாகப் போய், பலிபீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக் கிராதியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிடுவோம். ஆயர் இருவர் தலையிலும் கை வைத்து ஜெபிப்பார். எங்கள் திருமண நாள் செப்டம்பரில். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வருடம்கூட நாங்கள் தவறவிட்டதில்லை.

அந்த வருடம் ஆகஸ்ட் மாதத்தில் என் கணவரிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. தெருவில் ஸ்கூட்டி சத்தம் கேட்டதும் என்னைக் கடைக்கு அனுப்பப் பார்ப்பார். கறிவேப்பிலை இல்லை என்பார், பேனா எழுதவில்லை என்பார். நான் நின்று வேடிக்கை பார்ப்பது அவருக்குக் கூச்சமாக இருக்கிறது போல என்று நினைத்து நானும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். திரும்பி வரும்போது சில நாட்களில் கட்டிலுக்குப் பக்கத்தில் தலையணை தரையில் கிடக்கும். தவறி விழுந்துவிட்டது என்பார்.

ஒருநாள் அவருக்கு ஈரத்துணியால் கால் துடைத்துவிடும்போது பார்த்தேன். வலது முட்டியில் நாவல்பழ நிறத்தில் கன்றிப் போயிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எங்க விழுந்தீங்க?"

"விழலம்மா."

"பொய் சொல்லாதீங்க. இது என்ன பின்ன?"

அவர் சிரித்தார். மறுநாள் அந்தப் பெண்ணைக் கேட்டால், "லேசா இடிச்சிருப்பாரு ஆன்ட்டி, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு அவளும் குனிந்துகொண்டாள். சரி, இவர் விழுந்திருக்கிறார், இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் மறைக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். யோசிக்கக் கொஞ்சம் இடம் கொடுத்திருந்தால் விடை தானே வந்திருக்கும். நான்தான் யாருக்கும் இடம் கொடுக்கிற ஆள் இல்லையே.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆலயத்தில் முன்னால் நடந்து போகும்போது விழுந்து இடுப்பு எலும்பு கிலும்பு உடைந்துவிட்டால் என்ன செய்வது? இது ஒரு காரணம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் காலை இழுத்து இழுத்து நடப்பதைச் சபையே திரும்பிப் பார்க்கும், உச்சுக் கொட்டும். அதை என்னால் தாங்க முடியும் என்று தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் ஆயரைப் போய்ப் பார்த்தேன்.

"ஐயா, இவரால முன்னாடி வர முடியாது. நீங்களே எங்க இடத்துக்கு வந்து ஜெபம் பண்ணிடுங்க" என்றேன்.

"அதுக்கென்ன டீச்சரம்மா, கண்டிப்பா வரேன்" என்றார் அவர்.

என் கணவரிடம் இதை நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் தெரிந்து சந்தோஷப்படட்டும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் எனக்கு முன்பே தயாராக ஆரம்பித்துவிட்டார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உள்ளேயே இருந்தார். வெளியே வந்தபோது வெள்ளைச் சட்டையின் பொத்தான்களை அவரே போட்டிருந்தார். ஒன்று மட்டும் இடம் மாறியிருந்தது. சரிசெய்யக் கையை நீட்டினேன். "இருக்கட்டும்" என்று அரை அடி பின்னால் நகர்ந்துகொண்டார். வழக்கமாக வரும் ஆட்டோ அண்ணன் தோளைப் பிடித்து ஏற்றிவிட வந்தார். அவரையும் விலக்கிவிட்டு இவர் தானே ஏறி உட்கார்ந்தார்.

"இன்னா சார், இன்னிக்கு செம்ம ஷோக்கா கீறீங்களே! இன்னா விசேஷம்?" என்றார் ஆட்டோ அண்ணன். இவர் ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க முகத்தில் ஒரு சிரிப்போடு வந்தார்.

ஆலயத்தில் வழக்கமான சுவரோர இடம் வேண்டாம், நடைபாதை ஓரம் வேண்டும் என்றார். காற்று வரும் என்பதற்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். பாட்டு முடிந்தது. ஆயர் திருமண நாள் உள்ளவர்களை முன்னால் கூப்பிட்டார். இரண்டு மூன்று ஜோடிகள் எழுந்தார்கள். அப்போது இவர் கைத்தடியை ஊன்றி, இருக்கையின் நுனிக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, உடம்பை முன்னால் சாய்த்தார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அப்படி ஒரு குறும்பு. கல்யாணமான புதிதில் சினிமா டிக்கெட்டைச் சட்டைப்பையில் ஒளித்து வைத்துக்கொண்டு வருவார். அந்த முகம்தான் அது.

நான் அவர் தோளில் கையை வைத்து அழுத்தினேன். "நீங்க உட்காருங்க. ஆயரே இங்க வராரு. நான் சொல்லி வச்சிட்டேன்."

அதற்குள் ஆயர் மைக்கில் சொல்லிவிட்டார். "நம்ம ஐயாவால முன்னால வர முடியாத நிலைமை. நாமளே அவங்ககிட்ட போவோம்." சபை மொத்தமும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. எதைத் தவிர்க்க வேண்டும் என்று ஆயரிடம் ஓடினேனோ, அது முழுசாக நடந்தது. என் கைக்கு அடியில் அவர் தோள் தளர்ந்து இறங்கியது. மெல்லப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஆயர் வந்து ஜெபித்தபோது நடுவில் கண்ணைத் திறந்து பார்த்தேன். இவர் கண்ணை மூடவே இல்லை. அந்த மரக் கிராதியையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து அவர் சட்டையைக் கழற்றப் போனேன். தடுக்காமல் கழற்ற விட்டார்.

மறுநாள் பிற்பகல் அந்தப் பெண் ஸ்கூட்டியை நிறுத்தக்கூட இல்லை, வாசல் கேட் அருகே என்னைப் பார்த்ததும் ஆசையாகக் கேட்டாள். "ஆன்ட்டி, எப்படி இருந்துச்சு? அங்கிள் முட்டி போட்டாரா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள்தான் சொன்னாள். என்ன செய்ய முடிந்தால் உங்களுக்குச் சந்தோஷம் என்று அவள் கேட்டதற்கு, திருமண நாளில் என் மனைவி பக்கத்தில் முழங்காலிட வேண்டும் என்றாராம். கிராதி எவ்வளவு உயரம், அதற்கு முன்னால் படி எங்கே என்று இடது கையால் படமே போட்டுக் காட்டினாராம். கட்டில் விளிம்பைக் கிராதியாக வைத்துக்கொண்டு, தரையில் தலையணையைப் போட்டு, முதலில் வலது முட்டியை இறக்கி, அப்புறம் இடதையும் இறக்கிப் பழகியிருக்கிறார்கள். எழுந்திருப்பதுதான் கஷ்டமாம். போன வாரம் அதையும் யார் துணையும் இல்லாமல் செய்துவிட்டாராம். "உங்களுக்கு சர்ப்ரைஸா இருக்கணும், மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு ஆன்ட்டி."

நான் நடந்ததைச் சொன்னதும் அவள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே நின்றாள். "நானாவது உங்ககிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள். பாவம், அவள் என்ன செய்வாள்? பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளை முட்டி போடச் சொல்லித் தண்டித்திருக்கிறேன். அதற்காக ஒரு மனிதர் இத்தனை பாடுபட்டு ஆசையாகப் பழகுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடு, நல்லதுக்குத்தானே செஞ்ச" என்றார். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. அதோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். "அடுத்த ஞாயிறே போவோம், ஆயர்கிட்ட நான் பேசுறேன்" என்றேன். அன்றைக்குத்தான் அவர் குரல் உயர்ந்தது.

"எல்லாத்தையும் நீயே போய்க் கேட்டுடுவியா?"



அதன் பிறகும் அந்தப் பெண் வந்தாள். கை, கால் பயிற்சிகளை அவர் மறுக்காமல் செய்தார். தலையணை மட்டும் கட்டிலை விட்டு இறங்கவில்லை. அவள் கேட்டதற்கு, "இனிமே எதுக்கும்மா?" என்றாராம். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து வாரக்கணக்கில் படுத்துவிட்டார். எழுந்தபோது கால் இன்னும் பலம் குறைந்திருந்தது. முதலிலிருந்து தொடங்கினால் வரும், ஆனால் அவருக்கு மனசு வேண்டும் என்றாள் அந்தப் பெண். அந்த மனசைத்தான் நான் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டேனே.

அடுத்த வருடம் செப்டம்பரில் நான் ஆயரிடம் எதுவும் சொல்லவில்லை. முன்னால் வரச் சொல்லி அவர் கூப்பிட்டார். நான் இரண்டு கையையும் இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் கைத்தடியை எடுத்தார். எழப்போகிறார் என்றே நினைத்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு இளம் ஜோடி நடைபாதையில் வந்துகொண்டிருந்தது. அவர்கள் காலில் தட்டாமல் இருக்க, அதைத் தன் பக்கம் ஓரமாகச் சாத்தி வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

இப்போது தினமும் காலையில் அவர் பொத்தான் போட்டு முடிக்கும்வரை நான் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். சில நாட்களில் அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, வழியட்டும் என்று விட்டுவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவருக்குப் பெரிதாக ஒன்றும் செய்திருக்க வேண்டியதில்லை, அந்தக் கையை என் மடியிலேயே வைத்திருந்தால் போதும். அவர் எழுந்து நடந்திருப்பார், விழுந்திருந்தால்கூட என் பக்கத்தில்தானே விழுந்திருப்பார்.