மல்லிக்குப் பொறுப்பு பொன்மணி

2022 ஜூன் பதினான்கு, செவ்வாய்க்கிழமை. ஜெர்மனியில் கிடைத்த வேலைக்காக அஃப்ஷான் அன்று காலை ஊரை விட்டுப் புறப்பட்டாள். கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் அவளுடைய அத்தா பெட்டிகளை மதுரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, தோழி பொன்மணியைத் தனியே இழுத்து, "ஏட்டி, மல்லிய மட்டும் விட்டுராத" என்றாள்.

"பூனைய உங்கம்மாட்ட கொடுத்துட்டு, இத எந்தலையில கட்டுதியா? பூனையாவது பாலக் குடிச்சிட்டுத் தூங்கும்" என்றாள் பொன்மணி.

மல்லி என்பது இருவரும் கல்லூரிக் கடைசி வருடத்தில் உருவாக்கிய நிரல்மொழி. காடெல்லாம் மல்லி விதைத்திருந்த மாதத்தில் தொடங்கியதால் அந்தப் பெயர். அதில் எழுதுவதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தர ஒரு கம்பைலர் வேண்டும். பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் இலவச கம்பைலர் ஒன்றில், சோதனை மொழியாக மல்லியையும் சேர்க்க இருவரும் முயன்றுகொண்டிருந்தார்கள். சேர்ந்துவிட்டால் உலகத்தில் யாரும் மல்லியில் எழுதலாம். சேராவிட்டால் இரண்டு மடிக்கணினிகளோடு அதன் கதை முடிந்தது. புது வேலையின் ஒப்பந்தப்படி அஃப்ஷான் இனி அதைத் தொடக்கூடாது.

பொன்மணிக்குப் பகலில் தீப்பெட்டி ஆலையில் வேலை, பெட்டிகளைச் சோதிக்கும் பிரிவில் மேற்பார்வை. வீட்டுக்கு வந்து ஆறிலிருந்து எட்டு வரை மல்லி. அந்த இரண்டு மணி நேரமும் அடுப்படி அவள் கணவன் செல்வக்குமாருடையது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவன், "அவ கம்ப்யூட்டருக்கு லெட்டர் போடுதா. அதுதான் இன்னும் பதில் போடல" என்பான்.

அக்டோபரில் பதில் வந்தது, மல்லியைச் சேர்க்காமல் திருப்பி அனுப்புவதாக. கம்பைலர் குழுவில் அதைப் பரிசோதித்த பின்லாந்துக்காரர் வேண்டுமென்றே ஓர் அடைப்புக்குறியை விட்டுவிட்டு எழுதிப் பார்த்திருக்கிறார். ஒரு தவறுக்கு எண்பத்தேழு பிழைச் செய்திகள் வந்து கொட்டின. எது உண்மையான பிழை என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டிருந்தார்.

பொன்மணிக்கு அது குறையாகவே படவில்லை. கெட்ட பெட்டியை ஒதுக்கி, அடுத்த பெட்டியைப் பார்த்து, கடைசியில் எல்லாவற்றையும் சொல்வதுதானே சோதனை? பத்து நாள் மனத்தாங்கலோடு திரிந்தாள்.

பிறகு ஆலையில் ஒரு லாட் பெட்டிகள் மொத்தமாக வந்தன. பெட்டியின் உரசும் பக்கத்தில் மருந்து பிடிக்கவே இல்லை. அவள் வழக்கம்போல ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த பேச்சித்தாய் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"கிறுக்குப் பிடிச்சிட்டா? மருந்தே கெட்டுப்போச்சு. பொட்டி பொட்டியா எதுக்கு நோண்டுத? ஒரு சீட்டு எழுதி மொத்தமாத் தள்ளுட்டி."

பொன்மணி கையிலிருந்த பெட்டியோடு அப்படியே நின்றாள். ஒரு பெட்டி கெட்டால் பக்கத்துப் பெட்டி கெடாது, மருந்து கெட்டால் எல்லாப் பெட்டியும் கெட்டதுதான். நிரலிலும் அப்படித்தான், ஒரு வரி கெட்டால் அதை நம்பி நிற்கும் வரிகளெல்லாம் கெட்டதாகத்தான் தெரியும். அவளோ வரிகளைப் பெட்டிகளாக நினைத்து எழுதியிருக்கிறாள்.

அந்தப் பகுதியை முழுக்க அழித்து எழுத நான்கு மாதம் ஆனது. முதல் பிழையைச் சொன்னதும், நிரல் மறுபடி சரியாகத் தொடங்கும் இடம் வரும்வரை மல்லி இப்போது வாயைத் திறக்காது. பிப்ரவரியில் அனுப்பினாள்.

அப்புறம் சத்தமே இல்லை. சம்பளமில்லாமல் பார்க்கிறவர்கள், அவர்களுக்கு நேரம் கிடைக்க வேண்டும். இதற்கிடையே கம்பைலர் மாறிக்கொண்டே இருந்தது. மாறும்போதெல்லாம் அவள் எழுதியது அதில் பொருந்தாமல் போகும், உட்கார்ந்து திரும்பப் பொருத்துவாள். ஒன்பது முறை பொருத்தினாள். போதும், விட்டுவிடு என்று அஃப்ஷானே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாள். விடுவதற்கா இவ்வளவும் என்று பொன்மணி கேட்டாள். கோபமெல்லாம் இல்லை. மாலை ஆறு மணி ஆனால் அவளுக்குக் கை பரபரக்கும், உட்கார்ந்துவிட்டால் மனசு நிறைந்துவிடும். அவ்வளவுதான்.

2024 நவம்பரில் ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளை. ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் வாசல் அறையில் வைத்திருந்ததை எடுத்துப் பார்த்தாள். பின்லாந்துக்காரர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்:

"மல்லி இன்று காலை கம்பைலரில் சேர்ந்துவிட்டது. சோதனை நிலைதான், வேண்டுகிறவர்கள் இயக்கிப் பார்க்கலாம். பொறுப்பாளராக உங்கள் பெயரைப் போட்டிருக்கிறோம். பிரேசிலிலிருந்து ஒருவர் அதற்குள் ஒரு பிழையைக் கண்டுபிடித்து அனுப்பிவிட்டார், இணைத்திருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது பாருங்கள்."