பூவை எடுக்கிற அக்கா

அக்கா கைபேசியைக் காதில் வைத்திருக்கிறார், ஆனால் பேசவில்லை. பல்வலியோடு வந்தவர் கன்னத்தைப் பிடித்தபடி, "இந்தம்மா எப்பங்க பேசி முடிப்பாங்க?" என்று என்னிடம் கேட்கிறார். அக்கா யாருடனும் பேசவில்லை, கைபேசி வாசித்துக் காட்டும் இரண்டே இரண்டு வரியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மூன்றாம் முறையும் கேட்ட பிறகுதான் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சொல்லுங்க, எந்தப் பக்கம் வலி?" என்பார்.

இந்தப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை அவருடையது. பின்னறையில் பல் செட் செய்கிறவன் நான். நடுவில் ஒரு கண்ணாடிச் சன்னல். என் கை பல்லை ராவும், கண் அக்காவைப் பார்க்கும்.

பார்வையற்றவர்களுக்குத் திரையில் இருப்பதை உரக்க வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று உண்டு. பல ஊர்க்காரர்கள் கூடிக் கூலி வாங்காமல் செய்வது. யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். மாமனாருக்குப் பார்வை போனபோது அக்கா அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். மாமனார் காலமான பிறகும் விலகவில்லை. அதன் அதிகாரபூர்வ சமூக ஊடகப் பக்கம் இவர் பொறுப்பு. மென்பொருளைத் திருத்த யார் வேண்டுமானாலும் வரலாம், ஆனால் அதன் பெயரால் ஒரு வரி பேச அக்காவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒருமுறை யாரோ ஒரு தன்னார்வலர், தன் சொந்தப் பக்கம் என்று நினைத்து, வீட்டுச் சொந்தக்காரரோடு நடந்த தண்ணீர்க் குழாய்ச் சண்டையை அந்தப் பக்கத்தில் கொட்டிவிட்டார். ஊரே சிரித்தது. அன்றைக்கு அக்கா போட்ட விதிதான் இன்றுவரை. பக்கத்துக்குச் சாவி இரண்டே பேரிடம். ஒருவர் எழுதினால் மற்றவர் ஒப்புதல் தர வேண்டும். எழுதியவரே வெளியிட முடியாது, தலைகீழாக நின்றாலும்.

இன்னொரு சாவி வேறு ஊரில் டாக்ஸி ஓட்டும் ஒருவரிடம் இருந்தது. அக்காவுக்கு அவர் 'டாக்ஸி அண்ணன்'. பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவர் எழுதுவார், எழுதி முடித்ததும் கடைசியில் ஒரு சூரியகாந்தி எமோஜி வைப்பார். அக்கா வரைவைக் காதால் கேட்டுப் பார்த்து, பூவை எடுத்துவிட்டுத்தான் ஒப்புதல் தருவார். "நமக்குப் படம், அண்ணா. கேக்கிறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் 'சூரியகாந்திப் பூ, சூரியகாந்திப் பூ'ன்னு வாசிக்கும். காது புளிச்சுப் போகும்." அவர் விடமாட்டார். "பூ பேரைக் கேட்டா யாருக்குக் காது வலிக்கும் தங்கச்சி?" அவர் வைப்பதும் இவர் எடுப்பதுமாகப் பதினோரு வருடம்.

போன திங்கட்கிழமை அவரிடமிருந்து ஒரு வரைவு வந்தது. பூ இல்லை. அக்கா சன்னலைத் தட்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியா தம்பி! மனுஷன் ஒருவழியா வழிக்கு வந்துட்டாரு." உடனே ஒப்புதல் தந்திருக்கலாம். வம்புக்கு இழுக்காமல் விடுவாரா? "என்ன அண்ணா, பூக்கடைய மூடிட்டீங்களா?" என்று எழுதிவிட்டு, பதில் வரட்டும் என்று வரைவை நிறுத்தி வைத்தார்.

புதன்கிழமை பதில் வந்தது, அவர் மகளிடமிருந்து. அப்பா மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் இருந்தார், படுத்தபடி அந்த வரியை மட்டும் அடித்தார், அதற்கு மேல் கை வரவில்லை, நேற்று போய்விட்டார். அக்காவின் கேள்வியை அவர் திறந்தே பார்த்திருக்கவில்லை.

"பாக்காமப் போனது நல்லதா, கெட்டதா தம்பி?" என்று அக்கா கேட்டார்.

அன்றே அக்கா இரங்கல் செய்தி எழுதினார். திரை சொன்னது: 'மற்றவரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.' அந்த மற்றவர் இனி இல்லை என்று திரைக்கு என்ன தெரியும்? விதி போட்டவரையே விதி கட்டிப்போட்டது. அந்தப் பக்கத்தில் ஆட்கள் டாக்ஸி அண்ணனைப் பெயர் சொல்லி இன்னமும் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவரை நீக்கிவிட்டு வேறொருவருக்குச் சாவி கொடுங்கள் என்று குழுவினர் எழுதினார்கள். நியாயம்தான். ஆனால் ஒருவரை நீக்கினால் அவருடைய வெளிவராத வரைவும் சேர்ந்து அழியும். வெளியிட்டாலோ, உயிரில்லாதவர் பேசியதாக ஆகும். மூன்று நாள் அக்கா இரண்டையும் செய்யவில்லை. முன்பதிவுச் சீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தை எழுதிக் கொடுத்தார்.

இன்று மத்தியானம் கூடத்தில் ஆள் இல்லை. மேசையருகே போனேன். வரைவு திறந்திருந்தது. 'குறை சொன்ன எல்லாருக்கும் நன்றி. நீங்க சொல்லச் சொல்லத்தான் இது பேசக் கத்துக்குது.' அவ்வளவுதான்.

"இதைப் போட்டுடறேன். அப்புறம் அவரை எடுத்துடறேன்," என்றார் அக்கா.

ஆனால் ஒப்புதலை அழுத்தவில்லை. எமோஜிப் பலகையைத் திறந்து, பழக்கமில்லாத விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தேடினார். வரியின் கடைசியில் சூரியகாந்தி ஒன்றை வைத்தார். அழுத்தினார். பிறகு கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டார். கன்னத்தைப் பிடித்தபடி ஒருவர் உள்ளே வந்து நின்றார். அக்கா, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து கேட்டார்.