தடம் எண் இல்லாத வேனில் முதல் நாள்

வெளிநாட்டில் டீச்சர் வேலைக்குப் போகும் முன் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று தங்கைகள் சிலர் கேட்கிறார்கள். பாடம் நடத்துவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் வேனில் ஏறக் கற்றுக்கொள்ளுங்கள்.

1. வண்டி எங்கே போகும்?

நான் சிதம்பரத்தில் படித்து, கடலூர் மஞ்சக்குப்பத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். கணவருக்கு வனுவாட்டு நாட்டில் கட்டட சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. பசிபிக் கடலுக்கு நடுவே இருக்கும் அந்தத் தீவுகளின் தலைநகர் போர்ட் விலாவில், எனக்கும் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. பள்ளிக்குள்ளேயே சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரெஷ் இருக்கிறது. மகள் யாழினிக்கு அப்போது ஒன்றரை வயது.

அங்கே பஸ் என்றால் வேன்தான். நம்பர் பிளேட்டில் சிவப்பாக 'பி' என்ற எழுத்து இருக்கும். தடம் எண் கிடையாது, போர்டு கிடையாது, கண்டக்டர் கிடையாது. ஏறுகிறவர் போகுமிடத்தைச் சொல்வார், டிரைவர் மனதுக்குள் ஒரு வழி போட்டுக்கொள்வார். யார் முதலில் இறங்குவது என்பதும் அவர் முடிவுதான். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ் எந்த ஊரில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று மனப்பாடமாகத் தெரிந்த எனக்கு, இது எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை.

2. ஜன்னல்

முதல் நாள் தாமதமாகப் போனால் வேலையே போய்விடும் என்று நானாக முடிவு செய்துகொண்டு, சீக்கிரமே மார்க்கெட் வாசலுக்குப் போய்விட்டேன். கணவர் அதற்கும் முன்பே சைட்டுக்குக் கிளம்பியிருந்தார். நின்றிருந்த வேனில் ஒரே ஒரு இடம்தான் மிச்சம். கூட்டத்தில் குழந்தையோடு முண்டியடித்து ஏறுவதா, வேண்டாமா என்று யோசித்தேன். நம்மூரில் என்ன செய்வோமோ அதையே செய்தேன். ஜன்னல் ஓரம் பூப்போட்ட கவுனில் உட்கார்ந்திருந்த பருத்த அம்மாளிடம் யாழினியை நீட்டினேன். அவர் மறுபேச்சில்லாமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

கதவைத் தேடினேன். இல்லை. அந்த நாட்டில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன, கதவும் வலப்பக்கம்தான் இருக்கும். நான் நின்றது இடப்பக்கம். பின்பக்கமாகச் சுற்றி ஓடினேன். அதற்குள் பின்னால் நின்ற லாரி ஹாரன் அடிக்க, வேன் கிளம்பிவிட்டது. கத்தினேன். உள்ளே பாட்டு அலறியது. நான் வந்து சேர்ந்த இடத்தில் புகைதான் இருந்தது.

எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாத வண்டியில் என் பெண் போகிறாள்.

3. துரத்தல்

அடுத்த வேனின் டிரைவர் எட்டிப் பார்த்தார். ஆங்கிலமும் அவர்களுடைய பிஸ்லாமாவும் கலந்துதான் பேசினார். என் காதில் அது நம்மூர்ப் பேச்சாகவே விழுந்தது.

"இன்னாம்மா ஆச்சு?"

"எம் பொண்ணு அந்த வண்டில போயிட்டா."

"நீல கர்ட்டன் போட்ட வண்டியா? அது எம் மச்சான் வண்டி. ஏறு."

போன் போட்டார். மச்சான் எடுக்கவில்லை. பாட்டுச் சத்தத்தில் அவனுக்கு இடி விழுந்தாலும் கேட்காது என்றார். வண்டியில் ஏற்கெனவே ஆறேழு பேர் வேலைக்குப் போகக் காத்திருந்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஏறியவர் சொல்லும் இடத்துக்குத்தானே வண்டி போக வேண்டும், நான் சொன்ன இடம் என் குழந்தை. ஆளுக்கொரு ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு நீல கர்ட்டனைத் தேடினார்கள்.

மேட்டில் ஏறும்போது அந்த வேன் எதிரே வந்தது. அவர்களும் எங்களைத் தேடித்தான் திரும்பியிருக்கிறார்கள். இரண்டு டிரைவர்களும் கையை ஆட்டினார்கள், ஹாரன் அடித்தார்கள், கடந்து போனார்கள். நாங்கள் திரும்பினோம். அவர்களும் திரும்பியிருந்தார்கள். மறுபடியும் எதிரெதிரே கடந்தோம். இந்த முறை ஜன்னலில் யாழினி தெரிந்தாள். வாழைப்பழம் தின்றுகொண்டே எனக்கு டாட்டா காட்டினாள். எங்கள் வண்டி முழுக்க அவளுக்குத் திரும்ப டாட்டா காட்டியது. அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு நிற்கவே இல்லை.

டிரைவர் மறுபடியும் ஸ்டியரிங்கை ஒடித்தபோதுதான் எனக்குள் இருந்த கணக்கு டீச்சர் விழித்தாள்.

"திருப்பாதீங்கண்ணே. ரெண்டு பேரும் திரும்பிக்கிட்டே இருந்தா எப்படிச் சேர்றது? நாம நிப்போம், அவுங்க வரட்டும்."

நின்றோம். வந்தார்கள்.

பூப்போட்ட கவுன் அம்மாள் இறங்கி வந்தார். அங்கே மூத்த பெண்களை 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டும். எனக்கு அது வாயில் வரவே ஒரு மாதம் ஆயிற்று. அவருக்கு என்மேல் கோபமில்லை, சந்தேகம்தான்.

"வளக்கச் சொல்லித்தான் நீ குடுத்தியோன்னு நெனச்சேன். இங்க சொந்தக்காரங்களுக்குக் குடுப்பாங்க. ஆனா நான் ஒனக்குச் சொந்தமில்லியேன்னு ஒரு யோசனை. அதான் திரும்பச் சொன்னேன்."

யாழினி அவர் கழுத்தை விட மறுத்தாள். அதனால் அவரும் பள்ளிவரை வந்தார். எங்களை இறக்கிவிட்ட பிறகுதான் மற்றவர்கள் வேலைக்குப் போனார்கள். வாசலில் ஹெட்மாஸ்டர் நின்றிருந்தார். தாமதத்துக்கு மூன்று விதமாக மன்னிப்பு தயார் செய்திருந்தேன். அவர் வேனைப் பார்த்தார், கையாட்டிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார்.

"பஸ்லயா வந்தீங்க? அப்ப சீக்கிரமாவே வந்துட்டீங்க" என்று சொல்லிவிட்டு வகுப்பைக் காட்டினார்.

ஆகவே தங்கைகளே, புது ஊரில் முதலில் கதவு எந்தப் பக்கம் என்று பாருங்கள். தொலைந்துபோனால் யாராவது ஒருவர் ஒரே இடத்தில் நில்லுங்கள். உங்களைப் போலவே கவலைப்பட்டு எதிர்ப்பக்கத்திலும் ஒருவர் தேடிக்கொண்டிருப்பார் என்று நம்புங்கள். இந்த மூன்றாவது எனக்கு இன்னும் முழுசாகப் பழகவில்லை.

அன்று மாலை கடலூர் செம்மண்டலத்திலிருந்து என் மாமியார் போன் செய்தார்.

"மொத நாளு எப்படிம்மா இருந்துச்சு? பஸ்ல எடம் கெடச்சுதா?"

எவ்வளவு சொல்வது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

"பாப்பாவுக்குக் கெடச்சுது அத்தை."