பத்தொன்பது வருஷம் ஓட்டாத டிரைவர்

ஷரஃபியாவில் ஒரு கடைக்குள் புழுக்கமாக இருக்கிறதென்றால், கடைக்காரர் இன்னும் கார்மேகத்துக்குச் சொல்லவில்லை என்று அர்த்தம். ஜித்தாவின் அந்த நாலைந்து தெருக்களில் நகைக்கடை, துணிக்கடை, மெஸ் எதை எடுத்தாலும் அவர் கைபடாத ஏசி கிடையாது. வாசலில் நின்று கம்ப்ரசர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். பரமக்குடிப் பக்கத்துக்காரர், அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். டிப்ளமோ முடித்து வந்த பையன்கள் மீட்டரைப் பிடித்துக்கொண்டு முழிக்கும்போது, இவர் செப்புக் குழாயை விரலால் தொட்டுப் பார்த்து, "காஸ் இல்லடா, போயி ஏத்து" என்பார். அதில் அவருக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டுமே. உழைத்து வந்த கர்வம்தானே, யாரிடமும் கடன் வாங்கியது இல்லையே!

சட்டத்திலும் அவர் அப்படித்தான். 2021 மார்ச்சில் சவூதியில் புதுத் தொழிலாளர் விதி அமலுக்கு வந்தபோது ஷரஃபியாவே பரபரத்துக் கிடந்தது. அதுவரைக்கும் எல்லாம் கஃபீல்தான். விசா கொடுத்த அந்த முதலாளி மனது வைத்தால்தான் வேலை மாறலாம், ஊருக்குப் போய் வரலாம். புது விதியில், கம்பெனியில் ஒரு வருஷம் முடித்தவன் கஃபீலைக் கேட்காமலே வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம் என்றாயிற்று. கார்மேகத்துக்கு வாசிப்பு தட்டுத்தடுமாறித்தான் வரும். அவரோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் செல்போன் கடைக்காரர் கீழக்கரை கௌஸ் முகம்மது, போனைப் பார்த்துச் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

"இன்னும் ஒரு பத்தி இருக்கு மேகண்ணே, கேளுங்க."

"போதும்ப்பா. புரிஞ்சவனுக்கு இம்புட்டே போதும். மூடி வச்சிட்டு வடையத் தின்னு."

அதிலிருந்து வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்தால் அந்த அறைதான் கோர்ட்டு. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கார்மேகம் விளக்குவார்.

"அரசாங்கத்துக்கு ரெண்டு வாசல் இருக்கு. ஆளு வர்றது போறது பாஸ்போர்ட்டு பாக்குற ஜவாஸாத் வாசல். வேலை, சம்பளம், மாறுதல் எல்லாம் லேபர் ஆபீஸ் வாசல். எதுக்கு எந்த வாசல்னு தெரியாமத்தான் பாதிப்பேரு வெயில்ல காயிறாய்ங்க."

"அண்ணே வக்கீலுக்குப் படிச்சிருந்தா நாடு தாங்கியிருக்காது" என்பார் கௌஸ்.

"படிச்சிருந்தா நானும் உன்னை மாதிரி போனுக்கு கண்ணாடி ஒட்டிக்கிட்டுத்தான் இருந்திருப்பேன்."

சும்மா சொல்லக்கூடாது, பதினோரு பேரை அவர் கூடவே போய் நல்ல கம்பெனிகளுக்கு மாற்றிவிட்டார். பதினோரு பேரும் இன்றைக்கும் அவரைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள்.

மூன்று வருஷம் கழித்து அவருடைய முறை வந்தது. ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்குக் கம்பெனியில் கூலிங் பிளான்ட் அடிக்கடி மக்கர் செய்தது. இஞ்சினியர்கள் கைவிட்டதைக் கார்மேகம் அரை நாளில் ஓடவிட்டார். ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் திருச்சி ரகுநாதன் அன்றைக்கே கூப்பிட்டுச் சொன்னார்: "எங்க கம்பெனிக்கே வந்துடுங்க. கார்டுலயே மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர்னு போட்டுத் தரோம்."

ஐம்பத்தாறு வயதில் தன் தொழில் தன் பேருக்குப் பக்கத்தில் அச்சாகப் போகிறது! கார்மேகம் மனைவி நாகவள்ளிக்கு உடனே போன் போட்டார். "சூப்பர்வைசர் பொஞ்சாதி பேசுறீகளா?" என்று கேட்டார். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு ரகுநாதன் மேசை வரைக்கும் கேட்டது.

மறுநாள் ரகுநாதன் அவருடைய இகாமா நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினார். இகாமா என்பது அங்கே குடியிருக்க உரிமை தரும் அட்டை. தட்டியவர் முகம் மாறியது.

"என்ன கார்மேகம், இதுல வீட்டு டிரைவர்னு இருக்கு?"

"அது சும்மா பேருக்கு சார்."

பேருக்குத்தான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஃப்ரீ விசாவில் வந்தவர். அபூ ஃபஹத் என்ற பெரியவர் பேப்பரில் மட்டும் கஃபீல். வருஷத்துக்கொரு தடவை அவரைப் பார்த்துக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, வெளியே எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம். வீட்டு டிரைவர் என்று விசா எடுத்தால் அரசாங்கக் கட்டணம் ரொம்பக் குறைவு. கம்பெனி விசாக்காரர்கள் புலம்பும்போதெல்லாம் கார்மேகம் நெற்றியைத் தட்டிக் காட்டுவார். "இது வேணும்ப்பா." ஸ்டியரிங்கை அவர் இதுவரை தொட்டதுகூட இல்லை.

"அந்த 2021 விதி உங்களுக்குப் பொருந்தாது" என்றார் ரகுநாதன். "வீட்டு டிரைவர், வீட்டு வேலைக்காரங்க, காவலாளி, தோட்டக்காரர், ஆடு மேய்க்கறவங்க, இந்த அஞ்சு பேரையும் கடைசிப் பத்தியில விலக்கி வச்சிருக்காங்க. உங்க கஃபீல் சம்மதிச்சாத்தான் மாற முடியும்."

"பதினோரு பேரை மாத்திவிட்டவன் சார் நானு."

"அவங்கள்லாம் கம்பெனி விசா."

கார்மேகம் இகாமா அட்டையை எடுத்துத் தேதியைப் பார்த்தார். நோன்பு மாதத்தில்தான் அபூ ஃபஹத் இறந்திருந்தார். சம்மதிக்க ஆள் இல்லை. இகாமா முடிய நாற்பது நாள் இருந்தது. முடிந்துவிட்டால் தெருவில் தலைகாட்ட முடியாது.

"வேற வழியே இல்லையா சார்?"

"ஒண்ணு இருக்கு. முதலாளி இறந்துபோயோ, வேற காரணத்தாலயோ மூணு மாசம் சம்பளம் வரலைன்னா வீட்டு வேலைக்காரங்களும் தானே மாறலாம். லேபர் ஆபீஸ்ல சொல்லிப் பாருங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, என்ன?"

சம்பளம் வரவில்லை என்பது சத்தியம். பத்தொன்பது வருஷமாகவே வரவில்லை. இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு கௌஸையும் அழைத்துக்கொண்டு போனார். அதிகாரி இளவயதுக்காரர், நல்ல மாதிரி. தேநீர்கூடக் கொடுத்தார். அவர் தலைக்கு மேலே ஏசி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"எத்தனை வருஷமாக அந்த வீட்டில் டிரைவர்?"

"பத்தொன்பது."

"கடைசிச் சம்பளம் எப்போது?"

"முதலாளி பாபா போனதுக்கப்புறம் எதுவும் வரல." கார்மேகத்தின் அரபி தெரு அரபிதான், ஆனால் தடங்கல் இல்லாத அரபி.

அதிகாரி தலையாட்டிக்கொண்டே எழுதினார். ஏசி ஒரு உறுமு உறுமி நின்றது. அவர் எரிச்சலோடு எழுந்து அதை ஒரு தட்டுத் தட்டினார். கௌஸ் கார்மேகத்தின் தொடையைக் கிள்ளினார். என்ன செய்ய, வாய் முந்திக்கொண்டது.

"தட்டாதீங்க. கெப்பாசிட்டர் போச்சு. மாத்தினா அஞ்சு நிமிஷத்துல ஓடும்."

அதிகாரி மெல்லத் திரும்பினார். முதலில் கார்மேகத்தின் விரல்களைப் பார்த்தார், அப்புறம் நகக்கண்களில் ஊறிப்போன கறுப்பை.

"ஒரு டிரைவருக்கு இது எப்படித் தெரியும்?" அவர் குரலில் கோபம் இல்லை. "சரி, லைசென்ஸைக் காட்டு."

லைசென்ஸுக்கு எங்கே போவது?

அதிகாரி பேனாவை மூடினார். "வெளியில் வேலை பார்த்தவன் என்று எழுதினால் உன்னை நாடு கடத்திவிடுவார்கள். நான் எழுதவில்லை. போய் வாரிசுகளைப் பார்."

வெளியே வந்ததும் கௌஸ் வெடித்தார். "ரெண்டு வாசல், ரெண்டு வாசல்னு சொன்னீங்களே! ஒங்க வாயி ஒண்ணு இருக்கே, அது மூணாவது வாசல். அதை யாரு அடைக்கிறது?"

கார்மேகம் அபூ ஃபஹத் வீட்டுக்கு டாக்சி பிடித்தார்.

பெரியவரின் மூத்த மகன் ஃபஹத் மரியாதையான ஆள். உட்காரச் சொல்லிப் பேரீச்சம்பழத் தட்டை நகர்த்தினார். ஆனால் பேச்சில் இடம் கொடுக்கவில்லை.

"என் தகப்பனார் செய்ததை நான் செய்யமாட்டேன், மேகம். என் பெயரில் இருப்பவன் வெளியே வேலை பார்த்தால் அபராதம் எனக்கு. ஆனால் என் அம்மாவுக்கு டிரைவர் வேண்டும். புது ஆள் வர மாதக்கணக்கு ஆகும். நீ ஏற்கெனவே டிரைவர்தானே?"

"பாபா, எனக்கு ஓட்டத் தெரியாது."

"அது எனக்குத் தெரியும். கற்றுக்கொள்."

"அந்தக் கம்பெனிக்கு ஒரு கையெழுத்து மட்டும்..."

"மாஃபி. கையெழுத்து இல்லை."

"அப்ப ஊருக்காவது அனுப்பிருங்க. கலாஸ், முடிஞ்சதுன்னு போயிர்றேன்."

"அதற்கும் முதலில் உன்னை என் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றியபின் ஒரு வருஷம் ஓட்டு. அப்புறம் பேசலாம்."

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை கொடுத்தார்கள். ஷரஃபியாவுக்குப் போகக்கூடாது. போன் மட்டும் ஓயவில்லை. நகைக்கடைக்காரர், துணிக்கடைக்காரர், மெஸ்காரர் எல்லாருக்கும் புழுக்கம். கார்மேகம் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. "டூட்டில இருக்கேன்" என்று வைத்துவிடுவார். ரகுநாதன் ஒருதடவை கூப்பிட்டு, அந்த வேலைக்கு ஆள் போட்டாயிற்று என்றார். பதினோரு பேரில் ஒருவனாம். அதற்குப் பிறகு பகலில் போனை அணைத்துவைத்தார். நாகவள்ளியிடம் மட்டும் இன்னும் சூப்பர்வைசர் என்றே பேசிக்கொண்டிருந்தார்.

டிரைவிங் பள்ளி மைதானத்தில் மகன் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே வரிசையில் நின்றார். முறை வந்ததும் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங் சுட்டது. பக்கத்தில் உட்கார்ந்த ஆசிரியர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே காற்று வரும் ஓட்டையில் கையை வைத்துப் பார்த்தார். அனல்தான் வந்தது.

"பெரியவரே, இந்த ஏசிக்கு என்ன ஆச்சு, உனக்கு ஏதாவது தெரியுமா?"

கார்மேகத்துக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பெல்ட் தளர்ந்திருக்கிறது, கிளட்ச் பிடிக்கவில்லை. ஒரு ஸ்பேனர் கிடைத்தால் போதும். விரல்கள் தாமாக ஒருதடவை மடங்கி நிமிர்ந்தன. அவற்றைத் திரும்ப ஸ்டியரிங்கின் மேல் வைத்தார்.

"மாஃபி மாலூம், தெரியாது" என்றார். "நான் டிரைவர்."