இரட்டைப் பூட்டில் ஒரு கைக்கடிகாரம்

கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து நான் ஓய்வு பெற்றபோது, வெளிநாட்டிலிருக்கும் மகள் ஒரு கைக்கடிகாரம் அனுப்பினாள். அந்த விலைக்குச் செம்பட்டிப் பக்கம் மனை வாங்கியிருக்கலாம் என்று என் மனைவி அன்றே தீர்ப்பளித்துவிட்டாள். அதை வாங்குவதற்காக மகள் அந்த ஆண்டு ஊருக்கு வருவதையே தள்ளிப்போட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. எனவே அந்தக் கடிகாரம் ஒருநாள் நின்றுபோனதை அவளிடம் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருகிறாள். வந்ததும் முதலில் என் மணிக்கட்டைத்தான் பார்ப்பாள்.

சென்னை சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். விதி அறியாதவர்கள் கூரியர் கவரில் போட்டு அனுப்புவார்கள். கருவூலப் பெட்டக அறைக்கு இரண்டு பூட்டு. இரண்டு சாவியும் ஒருவரிடமே இருக்கக் கூடாது. அந்த நெறிப்படி, கடிகாரத்தைத் தகரப் பெட்டியில் வைத்து, பூட்டுக்கே பேர்போன நம்மூர்ப் பூட்டைப் போட்டு, பெட்டியைக் கூரியரிலும் சாவியைத் தபாலிலும் அனுப்பினேன். பெட்டி உடனே போய்ச் சேர்ந்தது. சாவி தீர்த்த யாத்திரை போய்விட்டது. ‘உடைத்துப் பார்த்தும் திறக்க இயலவில்லை’ என்று செய்தி வந்தபோது ஊருக்காகச் சற்றுப் பெருமைப்பட்டேன்.

ஒருவழியாகச் சாவி சேர்ந்தது. அதன்பின் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மட்டுமே பதில் வந்தது. இன்னும் யாரும் தொட்டுப் பார்க்கவில்லை என்று அதற்குப் பொருள். அரசுப் பணியில் இருந்தவனுக்கு அகராதி தேவையில்லை. நினைவூட்டு அனுப்பினேன், பிறகு நினைவூட்டுக்கு நினைவூட்டு.

இதற்கிடையே வீடியோ காலில் மகள் வரும்போதெல்லாம், புரட்டாசிப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்தேன்.

“என்னப்பா, வீட்டுக்குள்ள இந்தச் சட்டை?”

“ஆபீஸ் போறாருடி. உங்கப்பா இன்னும் ரிட்டயர் ஆகல,” என்றாள் மனைவி பின்னாலிருந்து.

டிசம்பர் பிறந்ததும் சென்டரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

“சார், வாட்ச்ச தினமும் கட்டுவீங்களா?”

“ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கட்டுவேன்.”

“மத்த நாள்?”

“பீரோவில வச்சுப் பூட்டிருவேன்.”

“பீரோ நடக்காதே சார். இதுல பேட்டரி கிடையாது. கட்டின கை அசைஞ்சாத்தான் ஓடும். வாட்ச்சுல ஒரு கோளாறும் இல்ல. கூட வந்த புஸ்தகத்துல போட்டிருக்குமே?”

போட்டிருக்கும். அந்தப் புத்தகமும் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல், அதே பீரோவில், அதே பூட்டுக்குள் பத்திரமாக இருந்தது. சுற்றறிக்கைகளை அடிக்குறிப்பு வரை படித்துப் பிறர் பில்களைத் திருப்பி அனுப்பியே முப்பது ஆண்டு ஓட்டியவன் நான்.

கடிகாரம் வந்தது. கட்டிக்கொண்டு நாளிதழோடு சாய்வு நாற்காலியில் அமர்ந்தேன். என் உழைப்பின் அளவை அது நேர்மையாக மதிப்பிட்டு, மறுநாள் நின்றது.

மனைவி சிரிக்கவில்லை. துருவுபலகையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள்.

“கை ஆடணும், அம்புட்டுத்தானே? சோமாஸுக்குத் தேங்காய் துருவணும். உக்காருங்க.”

அன்றிலிருந்து அது ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை. மாவு பிசைந்தேன், முறுக்குப் பிழிந்தேன், ஒட்டடை அடித்தேன். வாட்ச் ஓடியது, அதைவிட நான் ஓடினேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை மகள் வந்து இறங்கினாள். நினைத்தபடியே பார்வை நேராக மணிக்கட்டுக்குப் போனது. துருவல் அப்பிய கையில் முள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகம் மலர்ந்தது. அடுத்த கணமே பதறியது.

“ஐயோ அப்பா! இம்புட்டு விலை வாட்ச்ச கட்டிக்கிட்டா தேங்காய் துருவுவீங்க? கழட்டிப் பத்திரமா பீரோல வைக்கக் கூடாதா?”

நான் வாய் திறக்கும் முன் மனைவி முந்திக்கொண்டாள்.

“செத்த நேரம் சும்மா இருடி. இன்னும் ரெண்டு மூடி பாக்கி இருக்கு.”